கையில் இருப்பது வாய்பாடா, பொடியா? மோலார் நிறை காண எந்த வழி யாருக்கு

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என்னிடம் வேதியியல் டியூஷன் படிக்கும் ஆறாம் படிவப் பையன்கள் இருவர், சென்ற மாதம் ஒரு சண்டையோடு வந்து நின்றார்கள். கேக் சாமான் விற்கும் கடையில் ஒரே பொட்டலம் சிட்ரிக் அமிலம் வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் கைப்பேசிச் செயலியில் தட்டி, மோலார் நிறை 192.12 என்றான். மற்றவன் பள்ளி ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்து, அதாவது அமிலத்தை நடுநிலையாக்க எவ்வளவு காரம் செலவாகிறது என்று அளந்து, 209 என்றான். "யார் சரி, டீச்சர்?"

இரண்டு பேருமே சரி. அது எப்படி என்று பிறகு வருகிறேன். அதே வாரம் வாட்ஸ்அப்பில் இன்னும் இரண்டு கேள்விகள் வந்தன. ஒன்று படிவம் 4 மாணவியிடமிருந்து: "சார்பு அணு நிறையைக் கூட்டிக் கூட்டிக் கை வலிக்கிறது. செயலியிலேயே பார்த்துக்கொண்டால் என்ன?" இன்னொன்று வீட்டில் சோப்பு காய்ச்சி விற்கும் அக்கா ஒருவரிடமிருந்து. தேங்காய் எண்ணெயிலிருந்து செம்பனை எண்ணெய்க்கு மாறப் போகிறாராம். காரத்தை எவ்வளவு போடுவது என்று கேட்டிருந்தார். மோலார் நிறை என்ற சொல்லை அவர் எழுதவே இல்லை. ஆனால் அவர் கேட்டதும் அதுதான்.

மோலார் நிறை என்பது ஒரு மோல் பொருளின் எடை, கிராமில். ஒரு மோல் என்றால் 6.02214076-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கிய எண்ணிக்கை. 2019 மே 20 முதல் இந்த எண்ணே மோலுக்கு வரையறை. நம் பிள்ளைகள் பள்ளியில் இதை 'ஜிசிம் மோலார்' என்று படிக்கிறார்கள். காணும் வழிகள் பல. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. கையில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதல் கேள்வியே பாதியைத் தீர்த்துவிடும்: உங்களிடம் இருப்பது தாளில் எழுதிய வேதியியல் வாய்பாடா, புட்டியில் உள்ள பொருளா? வாய்பாடு மட்டும் இருந்தால் கணக்குதான் வழி, அளக்க அங்கே எதுவும் இல்லை. பொருள் மட்டும் இருந்து அது இன்னதென்று தெரியாவிட்டால் கணக்கால் பயனில்லை. சிக்கல் நடுவில்தான். பொருளும் இருக்கும், மேல் ஒட்டிய பெயரும் இருக்கும், பெயர் உண்மையா என்பது மட்டும் தெரியாது.

இரண்டாவது, எவ்வளவு துல்லியம் வேண்டும். மயில்துத்தத்துக்குத் தேர்வுத் தாளில் 250 என்று எழுதினால் போதும். அதன் கரைசலின் செறிவை நான்கு இலக்கத்துக்குச் சொல்ல வேண்டுமென்றால் 249.68 வேண்டும். தெரியாத பொடி 120-ஆ 180-ஆ என்று பிரித்தறிய 10 விழுக்காடு பிழை இருந்தாலும் பரவாயில்லை.

மூன்றாவது, பொருளின் குணம். கரையுமா, கொதிக்குமா, அமிலமா, கலவையா, எவ்வளவு பெரிய மூலக்கூறு?

நான்காவதை யாரும் கேட்பதில்லை. இந்த வழி எந்தத் தவற்றை என்னிடமிருந்து மறைக்கும்? எனக்கு இதுவே முக்கியம். ஒவ்வொரு வழிக்கும் கண் தெரியாத ஒரு பக்கம் உண்டு.

| வழி | எது கையில் இருக்க வேண்டும் | நேரம் | எதிர்பார்க்கக்கூடிய பிழை |
|---|---|---|---|
| பேனாவும் அட்டவணையும் | சரியான வாய்பாடு | 2 நிமிடம் | பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்குள் |
| செயலி | சரியான வாய்பாடு, சரியாகத் தட்டும் விரல் | சில நொடி | மிகச் சிறிது |
| டைட்ரேஷன் | அமிலம் அல்லது காரம் | ஒரு பிற்பகல் | 1–2 விழுக்காடு |
| உறைநிலைத் தாழ்வு | கரையும், ஆவியாகாத பொருள் | ஒரு மணி நேரம் | 5–10 விழுக்காடு |
| வாயுவின் பருமன் | வாயு, அல்லது எளிதில் ஆவியாகும் திரவம் | அரை மணி நேரம் | 3–8 விழுக்காடு |
| நிறை நிறமாலைமானி | துளி மாதிரி, பல்கலைக்கழகத்தில் ஓர் ஆள் | வரிசையைப் பொறுத்தது | மிக மிகச் சிறிது |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் உள்ளவை பள்ளிக் கருவிகளோடு கவனமாகச் செய்தால் கிடைப்பவை. கவனமில்லாமல் செய்தால் எந்த எண்ணும் வரும்.

## பேனாவும் அட்டவணையும்

படிவம் 4 மாணவிக்கு என் பதில்: தேர்வு முடியும் வரை கையால்தான். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். தாளில் சார்பு அணு நிறையைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். கால்குலேட்டர் கொண்டு போகலாம், கைப்பேசி கொண்டு போக முடியாது.

கை வலிப்பது கூட்டலால் அல்ல. அடைப்புக்குறியும் நீரும்தான் பிள்ளைகளைக் கவிழ்க்கின்றன. அலுமினியம் சல்பேட்டில் இரண்டு அலுமினியம், மூன்று சல்பேட். 27-ஐ இரண்டால் பெருக்கினால் 54. ஒரு சல்பேட் 96, மூன்று என்றால் 288. மொத்தம் 342. அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 3-ஐ ஆக்சிஜனுக்கு மட்டும் கொடுத்துக் கந்தகத்தை மறந்துவிட்டால் 278 வரும். வகுப்பில் யாராவது 278 என்று சொன்னால் எங்கே வழுக்கினார் என்று நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

மயில்துத்தம் இன்னும் வேடிக்கை. தாமிர சல்பேட் 160, அதோடு ஒட்டிய ஐந்து நீர் 90, ஆக 250. வாய்பாட்டில் இரண்டுக்கும் நடுவே இருக்கும் புள்ளியைப் பெருக்கல் குறி என்று எடுத்துக்கொண்டு 14,400 எழுதிய தாளை நான் திருத்தியிருக்கிறேன். கையால் போடுபவருக்கு ஒரு நாள் அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு வருவதற்காகத்தான் கையால் போடச் சொல்கிறேன்.

முழு எண்ணாக்குவதால் வரும் பிழையைப் பற்றிப் பெற்றோர்கள் கவலைப்படுகிறார்கள். தாமிரம் உண்மையில் 63.55, பாடநூலில் 64. தனித் தாமிரத்தில் அது 0.7 விழுக்காடு. மயில்துத்தத்தில் 249.68-க்குப் பதில் 250, வெறும் 0.13 விழுக்காடு. பள்ளித் தராசு தரும் பிழையில் இது கரைந்துபோகும். குளோரினை மட்டும் 35 என்றோ 36 என்றோ மாற்றிவிடக் கூடாது, 35.5 என்றே இருக்கட்டும்.

தமிழில் படித்துவிட்டு வருபவர்களுக்கு இன்னொரு பள்ளம். இங்கே 'ஈயம்' என்றால் நம் பெரியவர்களுக்கு ஈயச் சுரங்கத்து ஈயம், ஆங்கிலத்தில் 'டின்'. பட்டர்வொர்த்தே ஈயம் உருக்கிய ஊர். தமிழ்நாட்டு வேதியியல் நூலிலோ அது வெள்ளீயம். அங்கே வெறும் ஈயம் என்றால் காரீயம். முன்னது 118.71, பின்னது 207.2. மலாய்ப் பாடநூல் 'ஸ்டானம்', 'பிளம்பம்' என்று எழுதி இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. இணையத்தில் தமிழ்க் குறிப்பைப் பார்த்துப் படிப்பவர்கள் அணு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்: வெள்ளீயம் 50, காரீயம் 82.

## செயலியும் இணையக் கணிப்பானும்

தேர்வைத் தாண்டியவர்களுக்கு, நாளைக்குப் பத்துக் கரைசல் தயாரிப்பவர்களுக்கு, இதுதான். பன்னிரண்டு நீர் ஒட்டிய படிகாரத்துக்கு 474.4 என்று கண் இமைப்பதற்குள் சொல்லிவிடும். கையால் போட்டால் ஏழெட்டுப் பெருக்கல்.

செயலி கணக்கில் தவறாது, நாம் தட்டுவதில் தவறுவோம். கோபால்ட்டின் குறியீட்டில் முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சிறியது. இரண்டையும் பெரிதாகத் தட்டினால் அது கார்பன் மோனாக்சைடு. 58.93 வர வேண்டிய இடத்தில் 28.01 வரும், செயலி ஒரு வார்த்தை பேசாது. கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு அடைப்புக்குறி போடாவிட்டால் 74.09 போய் 58.09 ஆகிவிடும். மயில்துத்தத்தில் நடுப்புள்ளிக்குப் பதில் சாதாரண முற்றுப்புள்ளி வைத்தால், சல்பேட்டின் 4-உம் நீரின் 5-உம் சேர்ந்து 4.5 என்று சில செயலிகள் படிக்கின்றன. பெரிய அபத்தம் கண்ணில் பட்டுவிடும். 74-க்கும் 58-க்கும் உள்ள வேறுபாடு படாது.

அரட்டைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமா என்று இப்போதெல்லாம் கேட்கிறார்கள். முறையை விளக்கச் சொல்லிக் கேளுங்கள், நன்றாகச் சொல்லும். கடைசி எண்ணை மட்டும் கணிப்பானில் சரிபாருங்கள். தவறான கூட்டலையும் அது அதே நம்பிக்கையோடுதான் சொல்லும்.

பேனாவுக்கும் செயலிக்கும் பொதுவான குருட்டுப் பக்கம் ஒன்று உண்டு. இரண்டும் வாய்பாட்டின் நிறையைச் சொல்லும். புட்டியில் அந்த வாய்பாடுதான் இருக்கிறதா என்று சொல்லாது.

## டைட்ரேஷன்

சிட்ரிக் அமிலத்துக்கு வருவோம். சிட்ரிக் அமிலம் இரண்டு வடிவில் விற்பனைக்கு வருகிறது. நீரற்றது 192.12. ஒரு நீர் ஒட்டியது 210.14. இரண்டும் வெள்ளைப் படிகம், இரண்டும் புளிப்பு. கடைக்காரர் பெரிய மூட்டையிலிருந்து சிறு பொட்டலத்துக்கு மாற்றும்போது எது என்று எழுதமாட்டார். கேக்குக்கு அது தேவையும் இல்லை. செயலியில் தட்டிய பையன் நீரற்றதன் வாய்பாட்டைத் தட்டினான், அவன் கணக்கு சரி. டைட்ரேஷன் செய்தவன் பொட்டலத்தில் உண்மையில் இருந்ததை அளந்தான், அவன் அளவும் சரி.

அவன் 1.28 கிராமை 250 கன செ.மீ. நீரில் கரைத்து, 25 கன செ.மீ. எடுத்து, 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கினான். நீரற்றதாக இருந்திருந்தால் 20.0 கன செ.மீ. செலவாகியிருக்கும். ஒரு நீர் ஒட்டியதற்கு 18.3. அவனுக்கு வந்தது 18.35 அளவில். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயான பியூரெட்டில் இந்த வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மூலக்கூற்றில் ஒளிந்திருக்கும் ஒரு நீரைப் பள்ளி மேசையில் பிடித்துவிடும் முறை இது. சிறிய அமிலங்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மறைமுகச் செலவுகள் இரண்டு.

ஒன்று, ஒரு மூலக்கூறு எத்தனை ஹைட்ரஜனைக் கொடுக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். சிட்ரிக் அமிலத்துக்கு மூன்று. அது தெரியாதவர் ஒன்று என்று வைத்தால் நீரற்றதற்கு 64 வரும், இரண்டு என்று வைத்தால் 128. முன்பின் தெரியாத அமிலத்தில் டைட்ரேஷன் தருவது மோலார் நிறை அல்ல, அதை 1, 2 அல்லது 3 ஆல் வகுத்த எண். எத்தனையால் என்பதை வேறு முறைதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நம் ஊர்க் காற்று. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைத் தராசில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பினாங்கு ஈரத்தில் வியர்த்துவிடும். 4 கிராம் நிறுத்து ஒரு லிட்டராக்கி '0.100 மோலார்' என்று லேபிள் ஒட்டினால், அந்த 4 கிராமில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் கார்பனேட். உண்மையில் அது 0.095 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனுக்கு 210-க்குப் பதில் 200 வந்திருக்கும். 192-க்கும் 210-க்கும் நட்ட நடுவில்! சண்டை இன்னும் ஒரு மாதம் நடந்திருக்கும்.

அதனால் காரத்தைப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை வைத்துத் தரப்படுத்தாமல், அதாவது அதன் உண்மைச் செறிவைக் கண்டறியாமல், தொடங்காதீர்கள். அது ஈரம் இழுக்காது, மோலார் நிறை 204.22, ஒரு மூலக்கூறுக்கு ஒரே ஹைட்ரஜன். 0.51 கிராம் எடுத்தால் 0.1 மோலார் காரம் 25 கன செ.மீ. செலவாக வேண்டும். அரை மணி நேரம் கூடுதல். பள்ளிகளில் இந்த அரை மணி நேரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

## உறைநிலைத் தாழ்வு, கற்பூரம் உட்பட

பொருள் அமிலமுமில்லை, காரமுமில்லை, வாயுவுமில்லை, இன்னதென்றே தெரியாது. அப்போது இது. ஒரு கரைப்பானில் ஏதாவது கரைந்தால் அது உறையும் வெப்பநிலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, அவை யார் என்பதைப் பொறுத்ததல்ல. எடை தெரியும், எண்ணிக்கை கிடைத்தது, வகுத்தால் மோலார் நிறை.

எந்தக் கரைப்பான் என்பதில்தான் வெற்றி. ஒரு கிலோ நீரில் ஒரு மோல் கரைத்தால் 1.86 டிகிரிதான் இறங்கும். பள்ளி வெப்பமானிக்கு அது போதாது. 1922-இல் கார்ல் ராஸ்ட் என்ற ஜெர்மானியர் கற்பூரத்தைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். கற்பூரத்தில் அதே ஒரு மோலுக்கு ஏறத்தாழ 40 டிகிரி இறங்கும், நீரைவிட இருபது மடங்கு. 100 மில்லிகிராம் கற்பூரத்தில் 10 மில்லிகிராம் நாப்தலீனைக் கலந்தால் உருகுநிலை சுமார் 31 டிகிரி கீழே வரும். ஒரு டிகிரி தவறாகப் படித்தாலும் விடையில் 3 விழுக்காடுதான் பிழை. தண்ணீர்மலைக் கோயிலில் தட்டில் எரிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அதே கட்டியை வைத்து மூலக்கூறுகளை எண்ணலாம் என்பது ஒரு தனி மகிழ்ச்சி. எனக்கு இன்னும் அந்த மகிழ்ச்சி தீரவில்லை.

ஆனாலும் மாணவர்களுக்கு நான் கற்பூரத்தைச் சொல்வதில்லை. அது உருகுவது 178 டிகிரிக்கு அருகில். அந்தச் சூட்டில் நம் பொருள் சிதையாமல் இருக்க வேண்டும். கற்பூரம் உருகுவதற்கு முன்பே ஆவியாகிக் குழாயின் மேல்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். எளிதில் தீப்பிடிக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கடைக் கற்பூரம் தூயதா என்பதும் தெரியாது.

என் தேர்வு லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயிலும் செம்பனைக் கொட்டை எண்ணெயிலும் நிறைந்திருப்பது, மலேசியாவிலேயே தயாராவது. 44 டிகிரியில் உருகும். வெந்நீர்ப் பாத்திரம் போதும், தீ வேண்டாம். ஒரு கிலோவில் ஒரு மோலுக்கு 3.9 டிகிரி இறங்கும். 8 கிராம் லாரிக் அமிலத்தில் 1 கிராம் பென்சாயிக் அமிலம் கலந்தால் 4 டிகிரி தாழ்வு, அதிலிருந்து 122 வரும். வெப்பமானியில் 0.1 டிகிரி பிழை என்றால் விடையில் இரண்டரை விழுக்காடு. அரை டிகிரி பிழை என்றால் பன்னிரண்டரை. ஆகவே மலிவு வெப்பமானியோடு இதைத் தொடங்குவது நேர விரயம். தாழ்வை நேரடியாக ஒரு முறை படிக்காமல், அரை நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்து வரைபடம் போடுங்கள். திரவம் உறைநிலைக்குக் கீழே சறுக்கிவிட்டுத் திடீரென மேலே ஏறும். அந்தப் பள்ளத்தை உறைநிலை என்று எடுத்தவர்கள் நிறையப் பேர்.

இந்த முறை ஒரு விஷயத்தில் பொய் சொல்லும், அல்லது அளவுக்கு மீறி உண்மை சொல்லும் என்றும் வைத்துக்கொள்ளலாம். மிதக்கும் துகளைத்தான் அது எண்ணும். சமையலுப்பை நீரில் கரைத்தால் 58.44-க்குப் பதில் பாதியளவு, 30-ஐ ஒட்டி வரும். உப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பென்சாயிக் அமிலத்தைப் பென்சீனில் கரைத்தால் இரண்டிரண்டாகக் கை கோத்துக்கொண்டு 244-ஐ நெருங்கும். பழைய நூல்களில் வரும் அந்தப் பென்சீன் சோதனையைப் படிப்பதோடு நிறுத்துங்கள். பென்சீன் புற்றுநோய் வரவழைக்கும் பொருள்.

## வாயுவைப் பிடித்து அளத்தல்

சிகரெட் லைட்டரை நிறுத்து, தண்ணீருக்கடியில் அழுத்தி, அளவுக் குழாயில் வாயுவைச் சேர்த்து, மறுபடி நிறுக்கும் சோதனை. 1826-இல் தூமாவும் 1878-இல் விக்டர் மேயரும் ஆவியின் அடர்த்தியிலிருந்து மோலார் நிறை கண்ட முறைகளின் எளிய பேரப்பிள்ளை. பிள்ளைகளுக்குப் பிடித்தது. சாமான் செலவு ஒரு லைட்டர்.

இங்கே ஏமாற்றுவது வெப்பநிலை. பாடநூல் சொல்லும் அறைநிலை 24 லிட்டர் குளிர்நாட்டு அறைக்குச் சரி. மின்விசிறி மட்டும் சுழலும் நம் ஆய்வகத்தில் 30 டிகிரி. அங்கே ஒரு மோல் வாயு 24.9 லிட்டர் பிடிக்கும். அதோடு நீருக்கு மேல் சேர்த்த வாயுவில் நீராவியும் கலந்திருக்கும். 30 டிகிரியில் அதன் அழுத்தம் 4.24 கிலோபாஸ்கல், மொத்தத்தில் நான்கு விழுக்காட்டுக்கும் மேல். தூய பியூட்டேன் 0.35 கிராம் வெளியேறினால் குழாயில் சுமார் 156 கன செ.மீ. இருக்கும். திருத்தம் எதுவும் செய்யாமல் 24-ஐ வைத்துக் கணக்கிட்டால் 53.7. இரண்டு திருத்தமும் செய்தால் 58.1, சரியான விடை. பினாங்கின் கொடிமலை உச்சியில் போய்ச் செய்தால் காற்றழுத்தமே ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவு, அதையும் சேர்க்க வேண்டும்.

நனைந்த லைட்டரைச் சரியாகத் துடைக்காமல் நிறுத்தால், ஒட்டிய 0.02 கிராம் தண்ணீர் மட்டுமே 6 விழுக்காடு தின்றுவிடும். தவிர லைட்டர் வாயு தூய பியூட்டேனாக இருப்பதும் அரிது. புரோப்பேன் கலந்தால் விடை இறங்கும். பியூட்டேன் நல்லியல்பு வாயுவாக நடந்துகொள்ளாததால் இரண்டு மூன்று விழுக்காடு ஏறும். ஒன்றையொன்று ஈடுகட்டி 58 வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள்.

## நிறை நிறமாலைமானி

மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்துப் பறக்கவிட்டு, அவற்றை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி இது. ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். மாணவருக்கு இது தேர்வுக் கேள்வியில் மட்டும் வரும். பட்டப்படிப்பில் இருப்பவருக்கு, துறையில் கருவி இருந்தால், வேறெதையும் யோசிக்க வேண்டாம். மில்லிகிராமுக்கும் குறைவான மாதிரி போதும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தராசுக்கு வேண்டியது சராசரி. இந்தக் கருவி காட்டுவதோ தனித்தனி மூலக்கூற்றின் எடை. புரோமினின் மோலார் நிறை 159.81. கருவியில் பார்த்தால் 158, 160, 162 என்று மூன்று முகடுகள், ஒன்று, இரண்டு, ஒன்று என்ற உயரத்தில். 159.81 எடையுள்ள புரோமின் மூலக்கூறு உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. கோப்பி-ஓவில் இருக்கும் காஃபீன் 194.19, கருவி காட்டுவது பெரும்பாலும் 195.09, ஏனென்றால் ஒரு புரோட்டானை ஒட்டவைத்துத்தான் அதைப் பறக்கவிடுகிறார்கள். அந்த 195-ஐ மோலார் நிறை என்று அறிக்கையில் எழுதி விரிவுரையாளரிடம் திட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

## பால்மரமும் செம்பனையும்

மேலே சொன்ன எதுவும் ரப்பருக்கு உதவாது. பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டி வாளியில் சுமந்த பாலில் இருந்த ஒவ்வொரு சங்கிலியும் ஒவ்வொரு நீளம். மோலார் நிறை லட்சக் கணக்கில். ஐந்து லட்சம் என்று வைத்துக்கொண்டு, 10 கிராமை ஒரு கிலோ பென்சீனில் கரைத்தால் உறைநிலை இறங்குவது 0.0001 டிகிரி. எந்த வெப்பமானியும் பார்க்காது. அதே அளவு செறிவை, சவ்வு வழியே கரைப்பான் உள்ளே நுழையும் சவ்வூடு அழுத்தமாக அளந்தால் சுமார் 50 பாஸ்கல், அதாவது 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர். அளவுகோலுக்கு எட்டும் உயரம்.

ஆனால் கிடைப்பது எந்தச் சராசரி? மோலார் நிறை ஒரு லட்சமாக ஒரு சங்கிலியும், ஒன்பது லட்சமாக ஒரு சங்கிலியும் இருந்தால், தலை எண்ணிச் சராசரி பார்த்தால் 5 லட்சம். எடைக்கு எடை பார்த்தால் 8 லட்சத்து 20 ஆயிரம். சவ்வூடு அழுத்தம் முதலாவதைத் தரும், ஒளிச்சிதறல் இரண்டாவதை. எது என்று சொல்லாமல் ரப்பருக்கு ஒரே எண் கொடுக்கும் கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

எண்ணெய் இந்த இரண்டுக்கும் நடுவில். அதுவும் கலவைதான், மூலக்கூறு மட்டும் சிறியது. இனி சோப்பு அக்காவின் கேள்வி.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று காரத்தைத் தின்னும். ஒரு கிராம் எண்ணெய் எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத் தின்கிறது என்பதே சோப்பாதல் எண். தேங்காய் எண்ணெய்க்கு 248 முதல் 265 வரை, செம்பனை எண்ணெய்க்கு 190 முதல் 209 வரை. மூன்று மோல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் எடை 168,300 மில்லிகிராம். அதை அந்த எண்ணால் வகுத்தால் எண்ணெயின் சராசரி மோலார் நிறை: தேங்காய்க்கு 256 என்று எடுத்தால் 657, செம்பனைக்கு 200 என்று எடுத்தால் 841. செம்பனையின் மூலக்கூறு கனமானது. ஆகவே அதே எடை எண்ணெயில் எண்ணிக்கை குறைவு, காரமும் குறைவாகப் போதும்.

அக்காவுக்கு மூன்று வழிகள். வாய்பாட்டைத் தேடிச் செயலியில் போடுவது முதலாவது. எண்ணெய்க்கு ஒரே வாய்பாடு கிடையாது என்பதால் அதை விட்டுவிடலாம். தேங்காய் எண்ணெயை முழுக்க லாரிக் வகையே என்று எடுத்தால் 639 வரும், கொஞ்சம் அதிகமாகக் காரம் போடச் சொல்லும். இரண்டாவது, அச்சிட்ட சோப்பாதல் எண்ணை நம்பி, அதிலிருந்து ஐந்து விழுக்காடு காரத்தைக் குறைத்துக்கொள்வது. வீட்டுத் தொழிலுக்கு இதுவே போதும். மூன்றாவது, தன் எண்ணெயையே அளப்பது: 2 கிராம் எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்த மிகுதியான காரத்தோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, மிஞ்சிய காரத்தை அமிலத்தால் டைட்ரேஷன் செய்வது, எண்ணெயில்லாமல் ஒரு தடவை ஒப்பீட்டுக்குச் செய்வது. டிரம் டிரம்மாக எண்ணெய் வாங்கும் நிலை வந்தால், ஒவ்வொரு சரக்குக்கும் ஆய்வகத்தில் கொடுத்து இதைச் செய்வது லாபம்.

அந்த ஐந்து விழுக்காட்டைக் குறைக்கும் முன், 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சோடியம் ஹைட்ராக்சைடு 91 கிராம், செம்பனைக்கு 71 கிராம். பழைய அளவையே செம்பனைக்குப் போட்டால் 20 கிராம் காரம் சோப்பில் மிஞ்சி நிற்கும், தோல் எரியும். இதைவிட மோசமான தவறு இன்னொன்று. அட்டவணை எண்கள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு, அதன் மோலார் நிறை 56.11. கட்டிச் சோப்புக்குப் போடுவது சோடியம் ஹைட்ராக்சைடு, அது 40.00. மாற்றாமல் அப்படியே போட்டால் காரம் 40 விழுக்காடு அதிகம். அக்காவுக்கு இன்னும் கிராம் கணக்கு எதுவும் அனுப்பவில்லை. காரம் வாங்கிய டப்பாவின் பின்புறத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.